வியன்னாவில் நான் முந்திக்கொண்டது

போன வாரம் எதிர் வீட்டுச் சண்முகம் அண்ணாச்சியின் மகனும் மருமகளும் வந்து கதவைத் தட்டினார்கள். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. பையனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, இருவரும் கிளம்பப் போகிறார்கள். "அண்ணாச்சி, ஒங்ககிட்ட குளிருக்குப் போடுத கோட்டு ஒண்ணு இருக்காம்லா? அப்பா சொன்னாவ. சும்மாதான கெடக்கு?" என்று கேட்டான்.

சும்மாதான் கிடந்தது. சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் அதை யார் போடுவார்கள்? பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. அவன் அங்கேயே போட்டுப் பார்த்தான். மின்விசிறிக்குக் கீழே, முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டில், நெற்றியில் வேர்வை வழிய நின்றான். "கரடி மாதிரி இருக்கிய" என்று அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசனை மட்டும் ரெண்டு நாள் அறையில் நின்றது. அந்த ரெண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் கேட்கிறவர் என்பதால் சொல்கிறேன்.

அந்தக் கோட்டுக்குள் மறைத்து வைத்துத்தான் ஒரு தடவை ரயிலில் புளியோதரை சாப்பிட்டேன். ரேகன்ஸ்பர்க்கிலிருந்து வியன்னா போகிற ரயில். பக்கத்தில் கோமதி. கோமதி என் மனைவி. மனைவியாக இருந்தவள் என்று எழுத வேண்டும். பழக்கத்தில் கை முந்திவிட்டது.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அம்மன் பேர். இவள் புளியங்குடிக் கோமதி. திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். என் அப்பா அவற்றை வாங்கி மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த உறையை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும்தான். கல்யாணம் முடிந்து ஆறாவது மாதம் ஜெர்மனிக்குப் போனோம். அங்கே ரேகன்ஸ்பர்க்கில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு மென்பொருள் வேலை. டான்யூப் ஆற்றங்கரை ஊர். மூன்றாவது மாடியில் வீடு. சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஆற்றின் ஒரு துண்டு தெரியும்.

ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ். அதனால் எனக்கு அந்த ஊர்ப் பாஷை தேவைப்படவில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் ரெண்டு வகுப்புக்குப் போனேன். மேசை ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். கோமதி விடவில்லை. சாயங்காலம் பஸ் பிடித்து வகுப்புக்குப் போவாள். வீடு முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டியிருப்பாள். கதவில், குளிர்ப்பெட்டியில், கண்ணாடியில், பருப்பு டப்பாவில். "பருப்பு டப்பாவுக்கு எதுக்குட்டி ஜெர்மன்? அதுக்குத் தெரியுமா நீ என்ன சொல்லுதேன்னு?" என்று கிண்டல் செய்வேன். அவள் சிரிப்பாள். ஒருநாள் நான் தூங்கி எழுந்து பார்த்தபோது என் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "புருஷன்" என்றாள். அந்த ஜெர்மன் வார்த்தையும் இப்போது எனக்கு மறந்துபோய்விட்டது.

மூன்று வருஷத்தில் கீழ்வீட்டுக் கிழவியோடு அவள் மணிக்கணக்கில் பேசினாள். பேக்கரிக்காரியிடம் பேசினாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் என் வயிற்றைப் பற்றியும் என் தூக்கத்தைப் பற்றியும் அவளே பேசினாள். நான் நாக்கை நீட்டினேன். நல்லதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் வெளியில் சொன்னேன்.

வியன்னா பயணத்துக்கு ஏற்பாடு செய்தது அவள்தான். பிப்ரவரிக் கடைசி. "இந்தச் சனி ஞாயிறு வியன்னா போறோம். டிக்கெட்டு, ரூமு எல்லாம் போட்டாச்சு" என்றாள்.

"எதுக்குட்டி திடீர்னு?"

"சும்மாதான். போவோமே. நம்ம ஜன்னல்ல தெரியுத ஆறுதான் அங்கனயும் ஓடுது. போய்ப் பாத்துட்டு வருவோம்."

கல்யாண நாளை மறந்துவிட்டேனோ என்று பயந்து காலண்டரைப் பார்த்தேன். இல்லை. பிறந்தநாளும் இல்லை. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. ஒரு பெண் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால், நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து அதன் காரணத்தைக் கேட்கிறோம்?

ரயிலில் புளியோதரை டப்பாவைத் திறந்ததும் பெட்டி முழுக்கப் பெருங்காயம் மணத்தது. "அங்கன போய்ச் சாப்பிடலாம்னு சொன்னேம்லா" என்று அவள் மெதுவாகக் கடிந்துகொண்டாள். நான் டப்பாவைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு, குனிந்து குனிந்து அள்ளிப் போட்டேன். டிக்கெட் பரிசோதகர் வந்தார். மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். கோமதியிடம் ஏதோ சொன்னார். அவள் பதில் சொன்னாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். எதிரில் இருந்த இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"என்ன சொன்னான்?"

"வாசன நல்லாருக்காம். அடுத்த தடவ அவருக்கும் சேத்துக் கொண்டாரணுமாம்."

உண்மையாகவே அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் என் காதில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி விழுந்தது. அந்த ரெண்டு நாளில் நான் எத்தனை தடவை "என்ன சொன்னான்?" என்று கேட்டேனோ தெரியாது. ஓட்டல் வரவேற்பில் கேட்டேன். டிராம் வண்டியில் கேட்டேன். பெரிய தேவாலயத்துக் கோபுரத்தில் ஏறுகிற இடத்தில், சீட்டுக் கொடுக்கிறவரிடம் அவள் ரெண்டு வார்த்தை பேசியபோதும் கேட்டேன். முந்நூற்றுச் சொச்சம் படி. வளைந்து வளைந்து போகிறது. பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. "இதென்ன பெரிய கோபுரம். நம்ம சங்கரன்கோவில் கோபுரத்துக்கு முன்னால" என்று ஆரம்பித்தேன். "நம்ம கோபுரத்துல நீங்க ஏறிருக்கியளா?" என்றாள். ஏறியதில்லை. மேலே போய், பனி படிந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். காற்றில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பது இப்போது நினைத்தால்தான் தெரிகிறது.

சாயங்காலம் ஒரு காப்பிக் கடைக்குப் போனோம். கடை என்று சொல்லக்கூடாது, கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. உயரமான கூரை, சிவப்பு வெல்வெட் இருக்கை, கறுப்புக் கோட்டுப் போட்ட பரிமாறுகிறவர்கள். அவர்களில் வயதான ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். கோமதி ஏதோ கேட்டாள். அவர் முகம் மலர்ந்து, அவளிடம் ஜெர்மன் மெனு அட்டையைக் கொடுத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். உள்ளே போய், இங்கிலீஷ் அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நான் "காபி, பிளாக்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அங்கே கறுப்புக் காப்பியிலேயே பத்து வகை. அவர் என்னிடம் கேட்கவில்லை. கோமதியைப் பார்த்துத்தான் கேட்டார். இவருக்கு என்ன வேண்டும் என்று. அதற்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. டாக்டரிடம் போகும்போது அடிக்கடி கேட்ட வார்த்தைகள்.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை. வெள்ளித் தட்டில் காப்பி வந்தது, கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர், கிளாஸின் வாய்மேல் ஒரு ஸ்பூன். பக்கத்து மேசையிலிருந்த அம்மாள் கோமதியின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து ஏதோ கேட்டாள். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் ஸ்பூனை எடுத்து வைத்தேன், எடுத்து வைத்தேன். தாசில்தார் ஆபீசில் தலைமை கிளார்க்காக இருந்தவர் மகன் நான். எங்கள் வீட்டில் ஆண் பேசும்போது பெண்கள் சமையலறை நிலைப்படியில் நிற்பார்கள். அதெல்லாம் தப்பு என்று கல்லூரியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவனும் நான்தான். சிரிக்காதீர்கள். பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

அந்த அம்மாள் கிளம்பியதும் கோமதி என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. கைப்பையை மடியில் எடுத்து வைத்துத் திறந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். நான் மொதல்ல சொல்லிருதேன்" என்றேன்.

என்ன சொல்லப் போகிறேன் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. நீங்கள் நம்ப வேண்டும். அதற்கு ரெண்டு மாதம் முன்னால் அப்பா போனில், முட்டு வலிக்கிறது என்றும், புளியங்குடி ரோட்டிலுள்ள எலுமிச்சைத் தோட்டத்தை முன்மாதிரி ஓடியாடிப் பார்க்க முடியவில்லை என்றும் சொல்லியிருந்தார். "பாக்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அந்தப் பேச்சு எங்கிருந்தோ என் நாக்குக்கு வந்தது.

"நம்ம ஊருக்கே போயிருவோம், கோமதி. அப்பாட்ட வாக்குக் குடுத்துட்டேன். மே மாசம் கெளம்புதோம்."

அவள் கைப்பையின் வாயை மூடினாள். கொக்கி விழுகிற சத்தம் கேட்டது.

"மாமாட்ட சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்."

"சரி" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ என்னமோ சொல்லணும்னியே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நாளைக்கு அந்தப் பெரிய ராட்டினத்துல ஏறணும்னு நெனச்சேன்" என்றாள். அந்தத் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது போல நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நேரத்துக்குப் பிறகு நான் சொன்னதை ஒருவர் புரிந்துகொண்டு, சரி என்றுவிட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேஸ்ட் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டலுக்கு வெளியே வந்தேன். அங்கே ஞாயிறு கடை திறக்காது என்பது ஊருக்கே தெரியும். கோமதிக்கும் தெரியும். தெருமுனையில், மூடியிருந்த ஒரு பூக்கடை வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். சங்கரன்கோவிலில் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அப்பா, நாங்க வந்துருதோம்."

"எங்கலே?"

"ஊருக்குத்தான். மொத்தமா."

அப்பா குரலைத் தாழ்த்தி, "ஏம்ல, வேல போயிட்டா?" என்றார்.

"அதெல்லாம் இல்லப்பா. ஒங்களப் பாத்துக்கிட ஆளு வேணும்லா."

"எனக்கென்னலே, நல்லாத்தான இருக்கேன். அந்தப் பிள்ளகிட்ட கேட்டியா?"

"அவ சரின்னுட்டா."

அப்படித்தான் முதல் நாள் சொன்ன பொய்யை மறுநாள் காலையில் நிஜமாக்கினேன். திரும்பி வந்தபோது அவள் கோட்டுப் போட்டு, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பேஸ்ட் கெடச்சுதா?" என்று கேட்டாள். "கட பூட்டிருக்கு" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ராட்டினத்தில் சிவப்பு நிற மரக் கூண்டுகள், ஒவ்வொன்றும் சின்ன அறை அளவு. மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றும். எனக்கு உயரம் ஆகாது. நடுவிலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் கண்ணாடி ஓரமாக நின்றாள். உச்சிக்குப் போனபோது, முதுகைக் காட்டிக்கொண்டே, "ஆறு தெரியுது" என்றாள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இறங்குகிற வரை அப்படியே நின்றாள்.

மே மாதம் வந்து சேர்ந்தோம். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தேன். தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை போய் நின்றேன். எது பிஞ்சு, எது காய் என்று தெரியாமல் நின்றேன் என்பதுதான் சரி. அப்பா முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவர் பாட்டுக்கு எல்லாம் பார்த்தார். கோமதி சமைத்தாள், துவைத்தாள். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் குடங்களை வரிசையாக நிரப்பினாள். ஒரு கிளாசில் அதைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன பாக்க?" என்றால், "சும்மா" என்பாள்.

ரெண்டாவது வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மத்தியானப் பந்தி. என் தங்கை மாப்பிள்ளை, திருவேங்கடத்தில் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷன், "கோமதி இவ்வளவு படிச்சிருக்காளே, எங்கயாவது வேலைக்குப் போலாம்லா அத்தான்?" என்று கேட்டார். நான் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்: "அவளா? அங்கனயே மூணு வருஷம் சும்மாதான மாப்ள இருந்தா. இருந்து பழகிட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். கோமதி அப்போது எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்து, அடுத்த இலைக்குப் போனாள்.

எல்லோரும் தேர்ப்பக்கம் கிளம்பிப் போனபிறகு, நான் உண்ட மயக்கத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தபோது வந்து நின்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் சும்மா இருக்கலங்க. ரேகன்ஸ்பர்க்ல தண்ணி டெஸ்ட் பண்ணுத லேப்ல எனக்கு வேல கெடச்சிருந்துச்சு. ஆத்துத் தண்ணியும் குடிதண்ணியும் பாக்குத வேல. ஏப்ரல்ல சேரச் சொன்னாவ. அதச் சொல்லத்தான் ஒங்கள வியன்னாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். லெட்டர் பைக்குள்ளதான் இருந்துச்சு. நீங்க முந்திக்கிட்டிய."

எழுந்து உட்கார்ந்தேன். "ஏன் அப்பமே சொல்லல?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் எனக்குக் கேள்விதான் வந்தது.

"மாமாட்ட வாக்குக் குடுத்துட்டேன்னு சொன்னியள்லா. வயசான மனுசருக்குக் குடுத்த வாக்க என் வேலைக்காக மாத்துங்கன்னு சொல்லவா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, ஒரு காப்பிக் கடைக்காரன் என்னிடம் இங்கிலீஷ் அட்டையைக் கொடுத்தான், அதனால் சொன்னேன் என்று. வாயைத் திறந்தேன். "நல்லா இருந்துச்சு ரசம்" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதே கூசுகிறது.

அவள் மறுபடி விண்ணப்பம் போட்டதும், ஜெர்மனியிலேயே வேறு ஊரில் வேறு லேபில் வேலை கிடைத்ததும், ஏழெட்டு மாதத்தில் நடந்தன. இந்தத் தடவை லெட்டர் வந்த அன்றே, காலை இட்லி எடுத்து வைக்கும்போதே, அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னாள். அப்பா, "போய்ட்டு வாம்மா" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் போறதுதானலே?" என்றார். நான் தோட்டத்தைக் காரணம் சொன்னேன். அங்கே போய் அவள் சம்பளத்தில் உட்கார்ந்து, அவள் வாயால் காப்பி கேட்டுக் குடிக்க என்னால் முடியாது என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? முதலில் தினமும் பேசினாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில். அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அப்பா இறந்தபோது வந்து, பதினாறு நாளும் இருந்து, எல்லாக் காரியத்தையும் மருமகளாகச் செய்துவிட்டுப் போனாள். மறுவருஷம் தோட்டத்தை விற்றேன். இப்போது அங்கே மஞ்சள் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள்.

போன தை மாதம் வந்திருந்தாள். வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து, சண்டையில்லாமல், விவாகரத்துப் பேப்பர்களில் காட்டிய இடத்தில் எல்லாம் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வக்கீலுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "நல்லாத்தானய்யா பேசிக்கிடுதிய" என்றார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். டீ வாங்கினேன். அவள் தலையில் நாலைந்து நரை. பேச்சு கொஞ்சம் நிதானமாகியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைப்பது போல. இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று தோன்றியது.

"கோமதி, அன்னைக்கு வியன்னாவுல நான் அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"வியன்னாவா?" என்று சிரித்தாள். நிஜமான சிரிப்புதான், குத்தல் இல்லை. "அங்கன அதுக்கப்புறம் நாலஞ்சு தடவ போயாச்சு. கூட வேல பாக்குத பிள்ள ஒருத்திக்கு அதுதான் சொந்த ஊரு. அவ வீட்டுல போய்த் தங்குவேன். நாம போனதெல்லாம் எனக்கு மங்கிப் போச்சு. வியன்னான்னா இப்ப அவ வீட்டு மாடிதான் ஞாபகம் வருது."

"இல்ல, அந்தக் காப்பிக் கடையில..."

"அத விடுங்க. பஸ் வந்துட்டு."

புளியங்குடி பஸ் வந்து நின்றது. கிளாசை வைத்துவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கையாட்டினாள். பஸ் திரும்புகிற வரை நின்றேன்.

அப்பா இல்லை. தோட்டம் இல்லை. பனிக்காற்றில் கோபுரத்தின் மேல் கண்ணில் தண்ணீர் வர நின்ற அந்தப் பெண்ணும் இல்லை. அவளை இப்போது அவளுக்கே ஞாபகமில்லை. நான் பொய் சொன்ன ஊர் ஒன்று இருந்தது. அதையும் அவள் நாலைந்து தடவை போய் வந்து, தனக்கு வேறு ஊராக மாற்றிக்கொண்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை.